வெள்ளி, அம்பர் நகைகள்: செய்தவர் யார், உரியவர் யார்?

ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில், நியூரெம்பெர்க் நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது எர்லாங்கன். பல்கலைக்கழகத்துக்கும் சீமன்ஸ் நிறுவனத்துக்கும் பெயர் பெற்ற நகரம் இது. இங்கும், நியூரெம்பெர்க்கின் பழைய நகரப் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை கூடும் ட்ரெம்பெல்மார்க்ட் போன்ற பழம்பொருள் சந்தைகளிலும், ஒரு குறிப்பிட்ட வகை நகையை அடிக்கடி காண முடிகிறது. வெள்ளிச் சட்டத்தில் தேன் நிறத்து அம்பர் பதித்த மார்பு ஊசி, அதாவது புரூச். சில சமயம் மோதிரமாகவும் கைச்சங்கிலியாகவும் அது கிடைக்கிறது.

விற்பவரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பாட்டி காலத்து நகை." யாருடைய பாட்டி, எந்த ஊர்ப் பாட்டி என்பதற்குப் பதில் இருக்காது. நகையின் பின்புறத்தில் 835 என்ற எண்ணும், அதன் அருகே தேய்ந்துபோன இரண்டு எழுத்துகளும் மட்டும் தெரியும்.

இத்தகைய நகையைப் பற்றி மூன்று கேள்விகள் எழுகின்றன. இதன் பொருள் எங்கிருந்து வந்தது? இதைச் செய்தவர் யார்? இது யாருக்குச் சொந்தமாக இருந்தது? முதல் கேள்விக்கு வேதியியல் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு முத்திரை ஓரளவு பதில் சொல்கிறது. மூன்றாவது கேள்விக்கு நகையால் தனியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஜெர்மனியின் வரலாற்றிலும் சரி, ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாற்றிலும் சரி, மிகுந்த வலியோடு கேட்கப்படுவது இந்த மூன்றாவது கேள்விதான்.

அம்பர் சொல்வது என்ன?

அம்பர் உண்மையில் கல் அன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணுக்குள் புதைந்து இறுகியதே அம்பர். நம் வீடுகளில் தூபத்துக்குப் பயன்படும் குங்கிலியமும் மரப்பிசின்தான். ஆனால் அது அண்மைக்காலப் பிசின், அம்பர் தொல்பழங்காலப் பிசின். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் வாசனைப் பொருளையும் தமிழில் அம்பர் என்றே அழைப்பதுண்டு. அது வேறு, இது வேறு.

பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும் அம்பர் ஏறத்தாழ மூன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி ஆண்டுகள் பழமையானது. துணியில் தேய்த்தால் சிறு தூசுகளை ஈர்க்கும் இயல்பு அதற்கு உண்டு. கிரேக்கர்கள் அதை எலெக்ட்ரான் என்று அழைத்தனர். மின்சாரத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் அந்தப் பெயரிலிருந்தே பிறந்தன. மின்பொறியியல் நிறுவனம் ஒன்றால் வளர்ந்த எர்லாங்கனுக்கு இது பொருத்தமான தற்செயல் எனலாம்.

போலி அம்பரைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் உள்ளன. ஒரு குவளை நீரில் இரண்டு, மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்தால் அம்பர் மணி மிதக்கும். பேக்லைட், கண்ணாடி போன்றவை மூழ்கும். ஆனால் சில பிளாஸ்டிக் வகைகளும் மிதக்கும் என்பதால் இது முடிவான சோதனை ஆகாது. வெள்ளியில் பதித்த அம்பருக்கு இது பயன்படவும் செய்யாது, வெள்ளியின் எடை அதை இழுத்துக்கொண்டு மூழ்கிவிடும். புற ஊதா விளக்கின் கீழ் அம்பர் நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்வதுண்டு. கோபால் எனப்படும் இளம்பிசினின் மீது ஒரு துளி அசிட்டோன் பட்டால் அது பிசுபிசுக்கும். சூடான ஊசியால் குத்தி மணம் பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அது நகையில் நிலையான வடுவை விட்டுச்செல்லும் என்பதால் அறிந்தவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

ஆய்வகச் சோதனை இவற்றைவிட நம்பகமானது. பால்டிக் அம்பரில் 3 முதல் 8 விழுக்காடு வரை சக்சினிக் அமிலம் உள்ளது. அம்பரை வடித்து இந்தப் பொருளைப் பெறலாம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் அக்ரிகோலா 1546 ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1960களில் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலாளர் கர்ட் பெக், அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அம்பரை ஆராய்ந்தார். அந்த வரைபடத்தில் பால்டிக் அம்பருக்கு மட்டும் தோள் போன்ற தனி வடிவம் தோன்றுவதைக் காட்டினார். அதற்கு "பால்டிக் தோள்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. கிரேக்கத்தின் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்த மணிகள் வடகடலோரத்திலிருந்து வந்தவை என்பதை உறுதிசெய்ய இம்முறை உதவியது.

இந்தியாவிலும் அம்பர் உண்டு. குஜராத்தின் காம்பே பகுதிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் அம்பர் சுமார் ஐந்து கோடி ஆண்டுகள் பழமையானது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் இணைந்து 2010 இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களே அதன் மூலம் என்று கண்டறியப்பட்டது. ஆகவே அதன் வேதியியல் பால்டிக் அம்பரினின்று வேறுபட்டது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. போலந்து, லித்துவேனியா, ரஷ்யாவின் கலினின்கிராட், வட ஜெர்மனி ஆகிய எல்லா இடங்களிலும் கிடைப்பது ஒரே வகை அம்பர்தான். பொருள் பால்டிக் பகுதியைச் சேர்ந்தது என்று ஆய்வகம் சொல்லலாம். அந்த நகை கடான்ஸ்க்கில் செய்யப்பட்டதா, கோனிக்ஸ்பெர்க்கில் செய்யப்பட்டதா என்று அதனால் சொல்ல இயலாது. அதற்கு வெள்ளியைப் பார்க்க வேண்டும்.

வெள்ளியின் முத்திரை

நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பார்கள். ஐரோப்பாவில் அந்த மாற்றை எண்ணாகப் பொருளின் மீதே அடிக்கும் வழக்கம் வளர்ந்தது. ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தூய வெள்ளி என்பதே அந்த எண். 800, 835, 925 ஆகியவை ஜெர்மானிய நகைகளில் பெரிதும் காணப்படுபவை.

இதற்கான ஜெர்மானியச் சட்டம் 1884 இல் இயற்றப்பட்டு 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளிப் பாத்திரங்கள் 800 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் உடையவையாக இருந்தால், அவற்றின் மீது பிறையும் மகுடமும் அடிக்கலாம் என்று அது வகுத்தது. நகைகளுக்கு அந்தச் சின்னம் இல்லை, தர எண் மட்டுமே உண்டு. எனவே ஒரு புரூச்சில் பிறையும் மகுடமும் இல்லை என்பதால் அது ஜெர்மானிய நகை அன்று என முடிவு செய்வது தவறாகும்.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் தனி மதிப்பீட்டு அலுவலகங்கள் வெள்ளியைச் சோதித்து நடக்கும் சிங்கத்தின் உருவத்தை அடிக்கின்றன. பிரான்சில் 1838 முதல் மினர்வா தேவதையின் தலை அரசின் உத்தரவாதமாக இருந்து வருகிறது. ஜெர்மனியிலோ செய்பவரே தர எண்ணை அடித்துக்கொள்கிறார், அதற்குப் பொறுப்பும் அவரே. இதனால் ஜெர்மானிய நகையில் தயாரிப்பாளரின் எழுத்துகளே மிக முக்கியமான தடயமாகின்றன.

சோவியத் ஒன்றியத்தில் 1958 முதல் சுத்தியலும் அரிவாளும் கொண்ட நட்சத்திரம் அடிக்கப்பட்டது. அதனுடன் 875 என்ற எண் இருந்தால் அந்தத் திசையில் தேடலாம். போலந்து வெள்ளியில் 1963 முதல் தலையில் துணி கட்டிய பெண்ணின் முகம் காணப்படுகிறது. டென்மார்க்கின் பழைய வெள்ளியில் 826, 830 ஆகிய எண்கள் வருவதுண்டு. 925 என்ற எண் மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது. உலகெங்கும் அதே எண்தான் அடிக்கப்படுகிறது.

தயாரிப்பாளரின் எழுத்துகளை அடையாளம் காணப் பதிவேடுகள் வேண்டும். இவ்வகையில் நியூரெம்பெர்க் பேறுபெற்ற நகரம். அங்குள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம், 1541 முதல் 1868 வரை அந்நகரில் வாழ்ந்த பொற்கொல்லர்களை ஆராய்ந்து 2007 இல் விரிவான நூலை வெளியிட்டது. நியூரெம்பெர்க்கின் என் எழுத்து முத்திரையும் கைவினைஞரின் குறியும் தெளிவாக இருந்தால், 400 ஆண்டுகளுக்கு முந்தைய கிண்ணத்தைச் செய்தவரின் பெயரைக்கூடச் சொல்லிவிட முடியும்.

விந்தை என்னவென்றால், 80 ஆண்டுகளுக்கு முந்தைய புரூச்சைப் பற்றி அவ்வாறு சொல்வது கடினம். ஜெர்மனியின் நகைத் தொழில் தலைநகரம் ஃபோர்ட்ஸ்ஹைம். 1767 முதல் அங்கு இத்தொழில் நடந்துவருகிறது. டி.எஃப். என்ற எழுத்துகளால் அறியப்படும் தியோடர் ஃபார்னர் போன்ற நிறுவனங்கள் அங்கிருந்து உலகெங்கும் நகைகளை அனுப்பின. 1945 பிப்ரவரி 23 ஆம் தேதி நடந்த பிரிட்டிஷ் விமானத் தாக்குதலில் அந்நகரில் ஏறத்தாழ 17,000 பேர் உயிரிழந்தனர். நகரின் பெரும்பகுதியுடன் பட்டறைகளும் ஆவணங்களும் அழிந்தன. பல சிறு பட்டறைகளின் எழுத்துகள் இன்று வெறும் எழுத்துகளாகவே எஞ்சியிருக்கின்றன.

வடிவமும் வேலைப்பாடும்

முத்திரை தேய்ந்துபோன இடத்தில் வேலைப்பாடு உதவுகிறது. கண்ணகியின் சிலம்பு கோப்பெருந்தேவியின் சிலம்பல்ல என்பது எப்படித் தெரியவந்தது என்பதைத் தமிழர் அறிவர். வெளித்தோற்றம் ஏமாற்றியது. உடைத்துப் பார்த்தபோது வெளிப்பட்ட பரல்தான் உண்மையைச் சொன்னது. இன்றைய ஆய்வாளர்கள் நகையை உடைப்பதில்லை. என்றாலும் முகப்பைவிட நகையின் பின்புறத்தையே அதிகம் பார்க்கிறார்கள். ஊசியின் கொளுக்கி எவ்வகை, பற்றவைப்பு கையால் செய்யப்பட்டதா, அம்பரின் பின்பக்கம் திறந்திருக்கிறதா மூடப்பட்டிருக்கிறதா, அது முழுத்துண்டா அல்லது சிறு துகள்களைச் சூடாக்கி அழுத்திச் செய்ததா ஆகியவை காலத்தையும் பட்டறையையும் குறுக்கிக் காட்டும்.

ஜெர்மானிய அம்பர் நகைகளில் இரண்டு மரபுகள் முக்கியமானவை. ஒன்று, கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் 1926 இல் தொடங்கப்பட்ட அரசு அம்பர் ஆலை. எஸ்.பி.எம். என்ற எழுத்துகளால் அது அறியப்படுகிறது. அருகிலுள்ள பால்ம்னிக்கன் சுரங்கத்தின் அம்பரைக் கொண்டு 1945 வரை அது இயங்கியது. போருக்குப் பின் அந்தப் பகுதி சோவியத் வசமாகி, நகரத்தின் பெயர் கலினின்கிராட் ஆயிற்று. 1947 இல் அங்கு சோவியத் அம்பர் ஆலை அமைக்கப்பட்டது.

மற்றொன்று, வட ஜெர்மனியின் ரிப்னிட்ஸ் நகரில் பொற்கொல்லர் வால்டர் கிராமர் 1930களில் உருவாக்கிய ஃபிஷ்லாந்து நகை. வெள்ளியில் மீன், கடற்பறவை, பாய்மரக் கப்பல், அலை ஆகிய உருவங்களும் அவற்றோடு சிறு அம்பரும் சேர்ந்து வருவது அதன் அடையாளம். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் அரசு நிறுவனம் ஒன்று ரிப்னிட்ஸ் டாம்கார்ட்டனில் இத்தொழிலைத் தொடர்ந்தது. இன்று அந்நகரில் ஜெர்மனியின் அம்பர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கடலே இல்லாத எர்லாங்கன் பகுதிக்கு இந்தக் கடலோர நகைகள் எப்படி வந்தன? சுற்றுலாவும் வணிகமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் இடப்பெயர்வு. 1945 க்குப் பின் கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் பவேரியாவில் குடியேறினர். வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்கள் உடைமடிப்பில் வைத்துக் கொண்டுவரக்கூடியது நகை ஒன்றுதான். இதை ஈழத்தமிழர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முத்திரை சொல்லாத பெயர்

நகைகள் கைமாறிய இன்னொரு வழியும் இருந்தது. 1939 பிப்ரவரி 21 ஆம் தேதி நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் தங்களிடமிருந்த தங்கம், வெள்ளி, பிளாட்டினம், இரத்தினங்கள், முத்துகள் அனைத்தையும் அரசு அடகு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். திருமண மோதிரம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. கொடுக்கப்பட்டது உலோகத்தின் எடைக்கான சொற்பத் தொகை. கலை மதிப்போ, குடும்ப மதிப்போ கணக்கில் கொள்ளப்படவில்லை. கணிதமேதை எம்மி நோதர் பிறந்த ஊரான எர்லாங்கனில் எஞ்சியிருந்த யூதக் குடும்பங்களுக்கும் இந்த ஆணை பொருந்தியது.

இவ்வாறு திரட்டப்பட்ட வெள்ளியில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. ஒரு பகுதி வணிகர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் சென்றது. மியூனிக்கில் உள்ள பவேரிய தேசிய அருங்காட்சியகம் அந்நகர அடகு நிலையத்திலிருந்து சில நூறு வெள்ளிப் பொருட்களை வாங்கியது. போருக்குப் பின் பல பொருட்கள் அங்கிருந்து வெளியேறின. நூற்றுக்கும் மேற்பட்டவை உரிமை கோருவார் இன்றி அங்கேயே தங்கிவிட்டன.

கடந்த சில ஆண்டுகளாக அந்த அருங்காட்சியகம் இவற்றின் உரிமையாளர்களைத் தேடிவருகிறது. மெழுகுவர்த்தித் தாங்கிகள், வெள்ளிக் கிண்ணங்கள் எனப் பல பொருட்கள் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழும் வாரிசுகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. இதற்குத் துணைசெய்தது வெள்ளி முத்திரை அன்று. முத்திரை, கிண்ணத்தைச் செய்த பட்டறையின் பெயரை மட்டுமே சொன்னது. பொருளோடு ஒட்டிவந்த அடகு நிலையத்தின் எண்ணும், அந்த எண்ணுக்கு எதிரே ஒப்படைத்தவரின் பெயரை எழுதிய பட்டியலுமே உரியவரைக் காட்டின. பறித்தவர்கள் ஒழுங்காக எழுதிவைத்த கணக்கே, பிற்காலத்தில் பறிகொடுத்தவர்களுக்குச் சான்றாயிற்று.

இத்தகைய தேடலுக்கு 1998 இல் வாஷிங்டனில் 44 நாடுகள் ஏற்ற கோட்பாடுகள் வழிகாட்டுகின்றன. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரில் 2015 இல் இதற்கெனத் தனி மையம் அமைக்கப்பட்டது. ஆனால் இவை பொது நிறுவனங்களின் கைகளில் உள்ள பொருட்களையே பெரிதும் சார்ந்தவை. சந்தையில் 30 யூரோவுக்கு விற்கப்படும் புரூச்சுக்கு யாரும் வரலாறு கேட்பதில்லை.

தமிழர் நகைகளின் நிலை

தமிழகத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில் இயங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனம், தெய்வ உருவங்கள் பொறித்த வெள்ளிப் பொருட்களாலும் நகைகளாலும் புகழ் பெற்றது. ஐரோப்பியர் இவற்றை "சுவாமி" பாணி என்று அழைத்தனர். 1875, 1876 ஆம் ஆண்டுகளில் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது இவற்றின் மதிப்பு மேலும் உயர்ந்தது. இன்று ஐரோப்பிய ஏலங்களில் இவை "ஓர், மெட்ராஸ்" என்ற பெயரில் விலைபோகின்றன. பொறிக்கப்பட்டிருப்பது விற்ற நிறுவனத்தின் பெயர். உளி பிடித்த கைவினைஞரின் பெயர் அதில் இல்லை.

நம் வீட்டு நகைகளிலோ பெரும்பாலும் எந்த முத்திரையும் இருந்ததில்லை. ஊர் ஆசாரியின் கைநேர்மையே உத்தரவாதம். தாலியின் வடிவம் ஊரையும் சமூகத்தையும் காட்டலாம், குடும்பத்தின் பெயரைக் காட்டாது. இந்தியாவில் தங்க நகைகளுக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டு, ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாளக் குறியீடு வழங்கப்படுகிறது. வெள்ளிக்கு அத்தகைய குறியீடு 2025 செப்டம்பரில் விருப்ப அடிப்படையில் அறிமுகமாயிற்று. இவையும் தரத்தையும் விற்றவரையும் சொல்பவையே.

இலங்கையில் இதன் விளைவு கண்கூடு. போர்க்காலத்தில் வன்னி மக்கள் பலர் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வைப்பகங்களில் நகைகளை அடகு வைத்திருந்தனர். 2009 இல் போர் முடிந்தபோது அவை இராணுவத்தின் வசமாயின. 2014 இல் ஒரு பகுதி உரியவர்களுக்கு வழங்கப்பட்டது. எஞ்சியவற்றில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் காவல்துறையிடம் கையளித்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அடகுச் சீட்டைத் தொலைத்த ஒருவர், ஒரே மாதிரியான நூறு சங்கிலிகளுக்கு நடுவே தன் சங்கிலியை எதைக் கொண்டு நிரூபிப்பார்? மியூனிக்கில் எண்ணும் பட்டியலும் செய்த வேலையை இங்கு செய்ய என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

என்ன செய்யலாம்?

பழைய நகை வாங்குபவர்கள் முதலில் ஓர் உருப்பெருக்கி லென்ஸ் கொண்டு பின்புறத்தைப் பார்ப்பது நல்லது. கொளுக்கியிலும் வளையத்திலும் முத்திரை மறைந்திருக்கும். அதைத் தேய்த்து மெருகேற்றக் கூடாது. ஒட்டியிருக்கும் பழைய காகிதத் துண்டையோ, கீறப்பட்ட எண்ணையோ அழிக்கக் கூடாது. அந்த எண்ணே ஒரு குடும்பத்தின் கடைசித் தடயமாக இருக்கலாம். எங்கிருந்து கிடைத்தது என்று விற்பவரிடம் கேட்டு, சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சொந்த நகை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ஒவ்வொரு நகையையும் இரு பக்கமும் படம் எடுத்து, எடையையும், செய்தவர் பெயரையும், யார் யாருக்கு எப்போது கொடுத்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, பிரதியை வேறொரு நாட்டில் இருக்கும் உறவினரிடமும் கொடுத்து வைக்கலாம். நகை அணிந்து எடுத்த திருமணப் படங்களும் சான்றுகளே. புலம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த விவரங்களை வாயால் சொல்லக்கூடிய மூத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு நீண்ட காலம் இருக்கப்போவதில்லை.

எர்லாங்கன் சந்தையின் அந்த புரூச் வட ஜெர்மனியில் செய்யப்பட்டது என்பதை ஒருவேளை கண்டுபிடித்துவிடலாம். அதை முதலில் அணிந்தவர் அகதியாக வந்த கிழக்குப் பிரஷ்யப் பெண்ணா, ஆணைக்கு அஞ்சி ஒப்படைத்த யூதப் பெண்ணா, அல்லது விடுமுறைக்குக் கடலோரம் போய்வந்த உள்ளூர்ப் பெண்ணா என்பதை அறிய வழியில்லை. அவர் பெயரை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.